வரத்துக்காலில் மண் வராமல் தடுப்பது எப்படி: செட்டிநாட்டு ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழையில் செட்டிநாட்டு ஓடைகளில் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடிவருவதை நாம் இயல்பான ஒன்றாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். செம்மண் பூமியில் தண்ணீர் சிவந்துதான் வரும் என்பது ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் மழை விட்டு இரண்டு நாள் கழிந்த பிறகும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் செந்நீரே ஓடுகிறதென்றால், மேலே எங்கோ ஒரு நிலம் தன் மேல்மண்ணை இழந்துகொண்டிருக்கிறது, கீழே ஒரு கண்மாயோ ஊருணியோ தூர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் கரைந்தால் நான்கு கனமீட்டர் மண் போய்விடுகிறது. டிராக்டர் பெட்டியில் அள்ளினால் அது ஒரு நடைக்கு மேல் வரும். நிலத்துக்காரரின் கண்ணுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் தெரிவதில்லை. கண்மாயின் மடைவாயில் நிற்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் பரிகாரம் தூர்வாருவது. கோடையில் ஜேசிபி இறங்குகிறது, மண் அள்ளப்படுகிறது, அடுத்த மழையிலேயே மீண்டும் மண் வந்து சேர்கிறது. ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைச் சீர்செய்யும் குடிமராமத்து 2017-இல் மீண்டும் தொடங்கப்பட்ட பிறகு தூர்வாரும் ஆர்வம் பெருகியிருப்பது நல்லதுதான். இருந்தாலும், மண் புறப்படும் இடத்தைத் தொடாமல் மண் வந்து சேரும் இடத்தை மட்டும் சுத்தம் செய்வது முடிவே இல்லாத வேலை என்பது என் கருத்து. ஆகவே இந்தக் கட்டுரையில் தூர்வாருவதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். நிலத்தில் மண்ணை நிறுத்துவது, ஓடும் நீரின் வேகத்தைக் குறைப்பது, அதையும் மீறி வருவதை வழியிலேயே படியவைப்பது என்ற வரிசையில் வேலைகளைச் செய்தால், தூர்வார வேண்டிய தேவை பெருமளவு குறையும்.

மண் எப்படிப் பயணம் செய்கிறது

பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் விழுகிறது. புல்லோ சருகோ இல்லாத வெறும் தரையில் விழும்போது அது மண்கட்டியை உடைத்துத் துகள்களைச் சிதறடிக்கிறது. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்துக்கொள்ள, வெயிலில் தரை இறுகிப்போய், அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. வழிந்தோடும் நீர் சரிவில் ஒன்றுசேர்ந்து வேகம் பிடிக்கும்போதுதான் உண்மையான சேதம் தொடங்குகிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது என்பது நீரியலில் நெடுநாளாகத் தெரிந்த கணக்கு. வேகத்தைச் சற்றே குறைத்தாலும் பெரும் பலன் கிடைப்பதற்கும் அதுவே காரணம்.

படியும் வேகம் துகளின் பருமனைப் பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழமுள்ள அசையாத நீரில் 0.1 மி.மீ. நுண்மணல் இரண்டு நிமிடத்தில் அடியில் போய்ச் சேர்ந்துவிடும். 0.02 மி.மீ. வண்டல் துகளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். 0.002 மி.மீ. களித்துகளுக்கோ ஏறத்தாழ மூன்று நாள் தேவை. அதுவும் நீர் அசையாமல் நின்றால்தான். ஓடும் வாய்க்காலில் களி படியவே படியாது. நம் செம்மண்ணில் இந்தக் களி கணிசமாகக் கலந்திருப்பதால், எத்தனை தடுப்பு கட்டினாலும் ஒரு பகுதி தப்பித்துப் போய்க்கொண்டே இருக்கும். எனவே தடுப்புகளை நம்புவதைவிட, மண் கிளம்பாமல் பார்த்துக்கொள்வதற்கே முதலில் காசும் உழைப்பும் செலவிட வேண்டும்.

உங்கள் மண் எவ்வகை என்பதை வீட்டிலேயே அறியலாம். உள்ளே இருப்பது தெரியும் நிறமற்ற கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை சலவைத்தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஓரிரு நாள் கழித்து மேலே மெல்லிய ஏடாகச் சேர்வது களி. ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டிலின்மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டால் மூன்றின் விகிதமும் தெரிந்துவிடும். மணல் மிகுந்த மண்ணுக்குத் தடுப்புக்குழிகள் நன்றாக வேலை செய்யும். களி மிகுந்த மண்ணுக்குப் புல்லும், தரையைத் தழையாலும் சருகாலும் மூடிவைக்கும் மூடாக்குமே மருந்து.

கலங்கல் நீரால் வரும் கெடுதல் கண்மாயின் கொள்ளளவு குறைவதோடு நிற்பதில்லை. உரத்தின் பாஸ்பேட்டும் பூச்சிமருந்தும் நோய்க்கிருமிகளும் களித்துகளில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகின்றன. ஒளி உள்ளே புகாததால் நீர்ச்செடிகள் வாடுகின்றன; மீன்களின் செவுள் அடைபடுகிறது; முட்டைகள் சேற்றில் புதைகின்றன. குடிநீரின் கலங்கல் அளவு 1 என்.டி.யு.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், வேறு வழியில்லாதபோதும் 5-ஐத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 வரையறுக்கிறது. கலங்கிய நீரில் எவ்வளவு குளோரின் போட்டாலும் துகள்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளை அது எளிதில் எட்டாது.

மழையோடு ஒரு நடை

எந்தச் செலவும் செய்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நல்ல மழை பெய்து ஓய்ந்தவுடன், கண்மாய்க்கு நீர் வந்து விழும் இடத்திலிருந்து வரத்துக்காலின் கரை வழியாக மேல்நோக்கி நடக்க வேண்டும். கிராம வரைபடத்தின் நகல் ஒன்றும், மூடியுள்ள சில தண்ணீர்ப் பாட்டில்களும், எழுத ஒரு மார்க்கர் பேனாவும் போதும். இடி மின்னல் இருக்கும்போது போக வேண்டாம். ஓடும் நீரைக் கடக்கவும் வேண்டாம்.

இரண்டு கிளைகள் கூடும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, எந்தக் கிளை அதிகம் சிவந்து வருகிறது என்று பார்த்து, இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து, இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். சிவந்த கிளையைப் பின்தொடர்ந்து மேலே போனால், பெரும்பாலும் ஒரு சில இடங்களே மண்ணின் பெரும்பகுதியைத் தருவது தெரியவரும். சரிவோடு உழுத ஒரு புஞ்சை, புதிதாக மனை பிரித்த ஒரு பொட்டல், கிராவல் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன ஒரு பள்ளம், டிராக்டர் தடம் ஓடையாகிவிட்ட ஒரு வண்டிப்பாதை, கரை இடிந்த ஒரு வளைவு என்று அவை இருக்கும். மறுநாள் பாட்டில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் விரல் கனத்துக்கு மணல் தங்கி மேல்நீர் தெளிந்திருக்கும். பக்கத்துப் பாட்டிலில் அடியில் எதுவுமே இல்லாமல் நீர் மட்டும் காவி கரைத்தாற்போல் நிற்கும். முன்னது கரை அரிப்பு அல்லது பாதை அரிப்பின் அடையாளம். பின்னது உழுத வயலிலிருந்தோ தோண்டிய மனையிலிருந்தோ வரும் களி. இந்தப் பாட்டில்களை ஊராட்சி அலுவலகத்தின் சன்னல் ஓரத்தில் ஒரு வாரம் வைத்திருந்தால், கிராமசபைக் கூட்டத்தில் அதிகம் பேச வேண்டியிருக்காது.

நிலத்தில் செய்ய வேண்டியவை

புஞ்சை நிலத்தில் முதல் விதி, சரிவுக்குக் குறுக்கே உழுவது. செட்டிநாட்டு நிலம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் நூறு மீட்டருக்கு ஒன்று இரண்டு மீட்டர் இறங்குவது சாதாரணம். டிராக்டர்காரர் திருப்ப வசதியாக நீளவாக்கில் ஓட்டும்போது, சால் ஒவ்வொன்றும் நீரைக் கீழே கொண்டுசெல்லும் வாய்க்காலாகிவிடுகிறது. அறுவடைக்குப் பின் தாளையும் தட்டையையும் எரிக்காமல் நிலத்திலேயே விட்டால், ஆவணி, புரட்டாசியில் வரும் இடிமழையின் அடியைத் தரை தாங்கிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் வரும் மண்ணில் பெரும்பங்கு, காய்ந்து கிடந்த வெறுந்தரையில் விழும் இந்த முதல் மழைகளில்தான் வருகிறது.

அடுத்தது வெட்டிவேர் வரப்பு. 1980-களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இந்தியாவில் மண்ணரிப்புக்கு இதைப் பரிந்துரைத்தார்கள். நம் மண்ணுக்கே உரிய புல்லை நமக்கே திரும்பச் சொல்லித்தந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேராகக் கீழே மூன்று மீட்டர் வரை இறங்குவதால் பயிருக்குப் போட்டியாக நிற்பதில்லை. மேலே நெருங்கி வளரும் தூர், நீரை மறிக்காமல் வடியவிட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறது. சில ஆண்டுகளில் வேலிக்கு மேற்புறம் மண் சேர்ந்து சேர்ந்து, தானாகவே ஒரு படிக்கட்டு நிலம் உருவாகிவிடும்.

நடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அவசரத்தில் நட்டுக் கெடுத்துவிடும் இடம் இது. முதலில் சம உயரக் கோட்டைக் குறிக்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீர் நிரப்பிய டியூப் போதுமானது. இரண்டு கம்புகளில் டியூபின் இரு முனைகளையும் கட்டி, ஒருவர் ஓரிடத்தில் நிற்க, மற்றவர் நீர்மட்டம் இரண்டு கம்பிலும் ஒரே உயரத்தில் நிற்கும் இடத்தைத் தேடி நகர்ந்து, அங்கே சுண்ணாம்புப் பொடியால் புள்ளி வைக்க வேண்டும். இப்படிப் புள்ளி புள்ளியாகச் சென்றால் வயலின் குறுக்கே ஒரு வளைந்த கோடு கிடைக்கும். நேர்கோடாக இல்லையே என்று திருத்தக் கூடாது. அடுத்த வரிசையை நிலம் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை இறங்கிய இடத்தில் போடலாம். தூரைப் பிரித்து, இலையை 20 செ.மீ. அளவுக்கும் வேரை 10 செ.மீ. அளவுக்கும் நறுக்கி, இரண்டு மூன்று கிளைகள் உள்ள நாற்றுகளை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ஒற்றை வரிசையாக நடுங்கள். ஆடி கடைசியில் அல்லது ஆவணியில் நட்டு, மழை தவறினால் கைநீர் ஊற்றி, ஐப்பசிக்குள் வேர் பிடிக்கவைத்துவிட வேண்டும். நாற்று பட்டுப்போன இடத்தை உடனே நிரப்புங்கள். ஒரு முழ இடைவெளி இருந்தாலும் மழைநீர் முழுவதும் அந்த வழியாகப் பாய்ந்து, வேலி இல்லாதபோது ஆனதைவிட அதிகமாக அங்கே அரித்துவிடும். முதல் ஆண்டு ஆடுகள் இளந்தளிரை மேயாமல் முள் அடைக்க வேண்டும். முற்றிய இலையை அவை அதிகம் சீண்டுவதில்லை. வேருக்காக வெட்டிவேர் வளர்ப்பது வேறு தொழில். அரிப்பைத் தடுக்க நட்ட வேலியை வேர் விலைக்காகத் தோண்டினால் மண்ணைத் தளர்த்தி ஓடைக்குக் கொடுத்ததாகிவிடும்.

வெட்டிவேர் கிடைக்காத இடத்தில் கொழுக்கட்டைப் புல் நன்றாக வரும். மாட்டுக்குத் தீவனமும் ஆகும். ஓடையை ஒட்டி இரு கரையிலும் பத்து மீட்டர் அகலத்துக்கு உழாமல் புல்லும் புதரும் விட்டுவைக்க முடிந்தால், வயலிலிருந்து பரவலாக வழியும் நீரில் உள்ள மணலும் வண்டலும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். பத்து மீட்டர் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது தெரியும். மூன்று மீட்டர் கிடைத்தாலும் மதிப்புதான்.

தைலமரக் காடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் வரத்துக்கால்களின் தலைமாட்டில் பல இடங்களில் ஆர்.எஸ்.பதி என்றும் சொல்லப்படும் இந்த மரங்களே நிற்கின்றன. மரம் நிற்கும் காலத்தைவிட, வெட்டி எடுத்து மறுநடவுக்காக ஆழ உழும் காலமே ஆபத்தானது. வெட்டிய பிறகு தழையையும் பட்டையையும் எரிக்காமல் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் குவிப்பது, உழவைச் சரிவுக்குக் குறுக்கே மட்டும் செய்வது, ஓடைக்கரையில் ஒரு பட்டையை வெட்டாமல் விடுவது, எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டுவது ஆகியவற்றைக் கிராமசபைத் தீர்மானமாகவே எழுதித் தோட்டத்துக்கு உரியவர்களிடம் கேட்கலாம். நீர் வெளியேறாதபடி ஆழமான வரப்பு வெட்டி முழுவதையும் தேக்கிக்கொள்வதை இதற்கு மாற்றாக ஏற்கக் கூடாது. அதனால் மண் வராது, தண்ணீரும் வராது. கண்மாய் வறண்டுதான் கிடக்கும்.

அரிபள்ளங்களில் கல்தடுப்பு

வண்டிப்பாதையோ வயலோரமோ அரித்து முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிட்ட இடங்களில் புல் மட்டும் போதாது. அங்கே சிறு கல்தடுப்புகளை அடுக்கடுக்காகப் போட வேண்டும். சிமெண்ட் வேண்டியதில்லை, செம்புறாங்கல் துண்டும் கருங்கல்லும் கலந்து அடுக்கினால் போதும். தடுப்பின் உயரம் 60 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். நடுப்பகுதி இரு ஓரங்களைவிட 15 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் நீர் நடுவில் வழியும். சமமாக அடுக்கினால் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கரையையே தின்றுவிடும். இரு பக்கமும் கரைக்குள் ஒன்றரை அடியாவது கல்லைப் புதைத்து, நீர் விழும் கீழ்ப்புறத்தில் தட்டைக் கற்களைப் பாவ வேண்டும்.

இடைவெளிக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மேல் தடுப்பின் அடிமட்டமும் கீழ்த் தடுப்பின் நடுத்தலை மட்டமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் பள்ளத்தில் அரை மீட்டர் உயரத் தடுப்பு என்றால், 25 மீட்டருக்கு ஒன்று. மேற்புறம் மண் பாதி உயரத்துக்குச் சேர்ந்ததும் அள்ளி வயலில் போடலாம், அல்லது அப்படியே விட்டு அதன்மேல் புல் நடலாம். பள்ளத்தை ஆற்றுவதே நோக்கமென்றால் இரண்டாவதே நல்லது.

இந்தத் தடுப்புகளைச் சிறு அரிபள்ளங்களில் மட்டுமே போட வேண்டும். கண்மாயின் பிரதான வரத்துக்காலிலோ, தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு போன்றவற்றிலோ சொந்தமாக எதையும் குறுக்கே வைக்கக் கூடாது. நம் கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாய் நிரம்பியதும் அதன் கலுங்கு (உபரிநீர் வெளியேறும் வழி) வழியாக வழியும் நீரே கீழ் கண்மாயின் வரத்து. மேலூர்க்காரர்கள் தண்ணீரை மறித்துவிட்டார்கள் என்ற பேச்சு வந்துவிட்டால் நல்ல வேலையும் நின்றுபோகும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. எந்தக் கண்மாய் யாருடையது என்று கேட்டறிந்து, எழுத்தில் அனுமதி பெற்ற பின்பே கால்வாயில் கை வைக்க வேண்டும்.

வீடு கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை

காரைக்குடியும் தேவகோட்டையும் சுற்றிலும் விரிந்துகொண்டே போகின்றன. ஒரு மனையில் தோண்டிய மண் அதே பரப்புள்ள வயலைவிடப் பல மடங்கு அதிகமாக ஓடும், ஏனெனில் அங்கே புல் வேர் எதுவுமே மிச்சமில்லை. தெருவின் வடிகால் மூலமாக அது நேரே ஊருணிக்குப் போகிறது. கூரைநீரும் முற்றத்து நீரும் தெருவாய்க்கால் வழியாக ஊருணியைச் சேரும்படி மட்டம் பார்த்துக் கட்டப்பட்ட ஊர்கள் இவை. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. வீட்டின் தேக்குத் தூண்களைப் பார்க்க வருபவர்கள் அந்த வாய்க்காலைப் பார்ப்பதில்லை. நாமும் அதில் எம்-சாண்டைக் கொட்டிவைக்கிறோம்.

முடிந்தவரை கடைக்கால் தோண்டும் வேலையைத் தை முதல் ஆனிக்குள் முடித்துவிட வேண்டும். மனை முழுவதையும் ஜேசிபி வைத்து முதல் நாளே சுரண்டிவிடாமல், கட்டடம் நிற்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்ற இடத்தின் புல்லை அப்படியே விட வேண்டும். மணல், ஜல்லி, தோண்டிய மண் ஆகியவற்றைத் தெருவிலும் வாய்க்கால் ஓரத்திலும் குவிக்காமல் மனையின் மேட்டுப்பகுதியில் குவித்து, மழைக்குத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைக்க வேண்டும்.

மனையின் தாழ்ந்த மூலையில் ஒரு படிவுக்குழி வெட்டுங்கள். ஒரு சென்ட் நிலத்துக்கு ஒரு கனமீட்டர் என்பது நினைவில் வைக்க எளிய அளவு. 25 மி.மீ. மழைநீர் முழுவதும் வழிந்தாலும் அது தாங்கும். ஐந்து சென்ட் மனைக்கு மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் ஆழம் என்று கொள்ளலாம். நீர் ஒரு குறுகிய முனையில் நுழைந்து எதிர்முனையில் வழிய வேண்டும், நீளம் அகலத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். அகலவாக்கில் நுழைந்து உடனே வெளியேறினால் எதுவும் படியாது. குழியைச் சுற்றித் தடுப்பு கட்ட மறக்க வேண்டாம். கட்டட வேலைக்கு வரும் தாய்மார்களின் குழந்தைகள் அங்கேதான் விளையாடுவார்கள்.

தாழ்ந்த எல்லை நெடுகிலும் தென்னைநார் விரிப்பையோ அடர்த்தியான வடிதுணியையோ முழங்கால் உயரத்துக்குக் கட்டலாம். அடிப்பகுதியை 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணில் புதைத்தால்தான் அது தடுப்பு. புதைக்காவிட்டால் நீர் அடியில் நுழைந்து போய்விடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை நிழல்வலையின் கண் பெரிது, வண்டலைக்கூட நிறுத்தாது. மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மண் சேர்ந்தால் அள்ளிவிட வேண்டும். இந்தத் துணித்தடுப்பை ஓடும் வாய்க்காலின் குறுக்கே கட்டுவது வீண் வேலை. முதல் பெருமழையில் பிய்த்துக்கொண்டு போகும்.

கலவை இயந்திரம் கழுவிய நீரையும் தரைக்கல் தேய்த்த வெண்சேற்றையும் வாய்க்காலில் விடுவது தனிக் குற்றம். சிமெண்ட் நீரின் காரம் மீனைக் கொல்லும். ஒரு குழியில் விட்டு, நீர் வற்றியபின் இறுகியதை நிரவலுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வரத்துக்காலைச் செதுக்காமல் சுத்தம் செய்தல்

மழைக்கு முன்பாக வரத்துக்காலைச் சுத்தம் செய்யும்போது, கரையிலும் தரையிலும் உள்ள புல் முழுவதையும் மண்வெட்டியால் செதுக்கிப் பளிச்சென்று வைப்பது வேலை செய்ததற்கு அடையாளமாகக் கருதப்படுகிறது. நூறு நாள் வேலையில் அளவு எடுப்பதற்கும் அது வசதி. ஆனால் ஐப்பசிக்கு இரண்டு வாரம் முன்பு கரையின் புல்லைச் செதுக்குவதைவிடக் கெடுதலான வேலை வேறில்லை. வெட்ட வேண்டியவை சீமைக்கருவேலமும், குறுக்கே விழுந்த மரமும், குப்பையும், நீர் ஓடும் நடுப்பகுதியில் மண்டிய கோரையும் மட்டுமே. கரைச்சரிவில் அருகம்புல்லை விட்டுவைத்து, உயரமாக வளர்ந்ததை அரிவாளால் அறுத்தால் போதும். கருவேலத்தை வேரோடு பிடுங்கிய இடத்தில் குழியை மூடி, உடனே புல் பத்தை பதிக்க வேண்டும்.

ஆடு மாடுகள் கண்ட இடத்தில் இறங்குவதால் கரை இடிகிறது. ஓரிடத்தில் கல் பாவிய ஒரு துறை அமைத்து, மற்ற இடங்களில் முள் அடைத்தால் அவையும் பழகிவிடும். குழாய்ப் பாலத்தின் கீழ்ப்புறம் நீர் விழும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் குண்டுக்கற்களைப் பாவ வேண்டும். வரத்துக்காலுக்குச் சிமெண்ட் தளம் போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. தளத்தில் நீர் வேகமாக ஓடி, அது முடியும் இடத்தில் பெரும்பள்ளம் பறிக்கும் என்பதால், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் அதைக் கேட்க வேண்டும்.

ஊருணியின் வாயில்

ஊருணிக்குள் நீர் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு படிவுத்தொட்டி கட்டுவது நல்லது. தொட்டியிலிருந்து ஊருணிக்கு நீர் வழியும் மட்டம் தொட்டியின் அடியிலிருந்து ஒரு மீட்டராவது மேலே இருக்க வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வேறு பக்கம் திருப்பிவிட ஒரு பலகைக் கதவும் வைத்தால், தெருவைக் கழுவிவந்த முதல் நீர் உள்ளே வராது. தொட்டியை ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் பார்த்து அள்ளுவது யார் பொறுப்பு என்பதைக் கட்டும்போதே எழுதிவைக்க வேண்டும். அள்ளாத தொட்டி நிரம்பி, அடுத்த மழையில் மொத்த மண்ணையும் ஊருணிக்கே கொடுத்துவிடும்.

குடத்தில் பிடித்த கலங்கல் நீரைத் தெளியவைக்க நம் வீடுகளில் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைப்பார்கள். அதன் சத்து களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி அடியில் இறக்குகிறது. தேற்றா மரம் இப்போது அரிதாகிவிட்டது. ஊருணிக்கரையில் இரண்டு நட்டுவைப்பது நல்ல வேலை. தெளிந்த நீரையும் காய்ச்சிய பின்பே குடிக்க வேண்டும். குடத்து நீரைத் தெளியவைக்கப் படிகாரமும் ஆகும் என்பதற்காக, அதை ஊருணியிலும் ஓடையிலும் மூட்டையாகக் கொட்டக் கூடாது. அது நீரைப் புளிப்பாக்கி மீன்களைப் பாதிக்கும், மண்வரத்தும் நிற்காது.

கடைசியாகத் தூர்வாருதல்

மேலே சொன்னவற்றில் பாதியாவது செய்த பிறகே தூர்வார இறங்க வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை, உள்வாய் நன்றாகக் காய்ந்த பின் எடுப்பது நல்லது. அள்ளிய மண்ணைக் கரையின் உட்சரிவில் கொட்டி வைப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். வாடகை மிச்சமாகும், ஆனால் முதல் மழையில் அது அப்படியே மீண்டும் உள்ளே இறங்கும். அன்றன்றே வண்டியில் ஏற்றி வெளியேற்றும் ஏற்பாடு இல்லையென்றால் தோண்டாமல் இருப்பதே மேல்.

கண்மாயின் கரம்பை மண் வயலுக்கு நல்ல எரு. மணற்பாங்கான புஞ்சையில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக வண்டல் எடுக்கலாம். அனுமதிச் சீட்டு வண்டியில் இருக்க வேண்டும். வயலில் போட்டதை உழவோடு கலந்துவிட வேண்டும். குவியலாக விட்டால் அதுவும் கரைந்து வந்த வழியே திரும்பும்.

எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதில்தான் அதிகத் தவறு நேர்கிறது. மேலே தங்கிய வண்டலை மட்டும் எடுத்து, அடியில் இறுகிய பழைய களித்தளம் தட்டுப்பட்டதும் நிறுத்த வேண்டும். ஊருணியில் இது மிக முக்கியம். களித்தளத்தை உடைத்துச் சரளை தெரியும்வரை தோண்டினால் நீர் நிற்காமல் கசிந்துவிடும். தொடங்குமுன் நான்கைந்து இடத்தில் கடப்பாரையால் சிறு குழி போட்டு வண்டலின் கனத்தை அளந்து, அந்த அளவை ஒரு கம்பில் கோடிட்டு இயந்திர ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். கரையின் அடியிலிருந்து நன்றாகத் தள்ளியே தோண்ட வேண்டும்; இல்லையென்றால் கரை சரியும். எடுத்த பள்ளத்தின் ஓரம் செங்குத்தாக நிற்காமல், ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று மீட்டர் ஓட்டமாகச் சரிவு கொடுத்து முடித்தால் ஓரம் இடிந்து விழாது. குளிக்க இறங்கும் பிள்ளைகளும் திடீர்ப் பள்ளத்தில் சிக்க மாட்டார்கள்.